டக்கோராடிப் பேத்திக்குப் பெயர் வைக்கும் விஷயமாக

டெச்சிமான்,
வெங்காயச் சந்தைக்குப் பின்தெரு.

அன்பு மகன் க்வாசிக்கு, உன்னைப் பெற்ற யா அச்சியா தன் கைப்பட எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். என்னோடு இருக்கும் உன் தங்கை மகள் அஃபியாவும் சுகம். முழங்கால் மட்டும் மழை வரும் முன்னே எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதையும் சுகத்தில் சேர்த்துக்கொள். அங்கே நீயும், உன் மனைவி எஃபுவாவும், இன்னும் பெயர் வைக்கப்படாத என் பேத்தியும் நலமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். முன்வரிசையில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக இல்லை. பின்வரிசையில் அந்தக் கருவாட்டுக்காரி உட்காருகிறாள், அவளோடு எனக்குப் பேச்சில்லை. மரியாதைக்கு எழுத வேண்டியது இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன் போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நான் வெங்காயத்தைப் பற்றிப் பேசினால் கணீரென்று கேட்கிறது. மழையைப் பற்றிப் பேசினால் கேட்கிறது. உன் அத்தையைப் பற்றி வாயைத் திறந்த உடனே, "அம்மா, சிக்னல் விட்டு விட்டு வருது, அப்புறம் பேசறேன்" என்கிறாய். செத்துப்போன பிறகும் அந்தப் பெண்மணிக்கு டவர் வரைக்கும் செல்வாக்கு இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். பாதியில் துண்டிக்க முடியாது. நீ மடித்துப் பையில் போட்டுக்கொண்டாலும் உள்ளே நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன்.

விஷயம் உன் மகள். அவள் புதன்கிழமை பிறந்தாள். கிழமைப் பெயர் அவளோடு தானாகவே வந்துவிட்டது, அக்குவா. உன் மனைவி கடற்கரைக்காரி என்பதால் எக்குவா என்கிறாளாம், போகட்டும், அதற்கெல்லாம் சண்டை போடும் ஆள் நான் இல்லை, இருந்தாலும் சரியான உச்சரிப்பு அக்குவாதான். ஆனால் அது கிழமை கொடுத்த பெயர். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த எல்லாப் பெண் குழந்தைக்கும் அதே பெயர்தான். அப்பன் வாயால் வர வேண்டிய பெயர் எங்கே? பெயர் வைக்க வேண்டிய எட்டாம் நாள் வந்தது, போனது. குழந்தை குப்புற விழுந்துவிட்டாள் என்று அஃபியா போனில் படம் காட்டுகிறாள். குப்புற விழத் தெரிந்த பிள்ளைக்குப் பெயர் இல்லை என்று நம் குடும்பத்தில் இதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை.

காரணம் யார் என்று நீ என்னைக் கை காட்டுகிறாய் என்பது எனக்குத் தெரியும். "என் அத்தை பேரைத்தான் வைப்பேன், ஆனா நீ வந்து உன் மடியில வச்சாத்தான் வைப்பேன், நீ வர்ற வரைக்கும் என் பிள்ளைக்குப் பேரில்லை" என்று சொன்னாய். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. அப்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. பெயர் வைப்பது அப்பனின் உரிமை, அதில் நான் தலையிட மாட்டேன். என் மடி என்னுடைய உரிமை, அதில் நீ தலையிடாதே. அந்தப் பெயர் சொல்லப்படும் இடத்தில் என் மடி இருக்காது.

உன் அத்தை உன் அப்பாவுக்கு அக்காள் என்பது தவிர அவளால் எனக்கு ஆனது என்ன? நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது என் சூப்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, "இதுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம் போல இருக்கே" என்றாள். மஞ்சள் துணி உடுத்தியிருந்தாள், பறவை போட்டது. பின்பக்கம் ஓரம் பிரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை, சொல்லும்படியாகவா அவள் நடந்துகொண்டாள்? உன் அப்பாவின் துக்கம் முடிந்து கறுப்புத் துணி கூடக் காயவில்லை, வேனோடு வந்து, கிழங்கை இடித்து ஃபூஃபூக் களி பண்ணும் என் உரலைத் தூக்கிக்கொண்டு போனாள். "எந்தம்பி மரம் வெட்டிச் செஞ்சது, எங்க குடும்பத்துச் சொத்து" என்றாள். மரம் உன் அப்பா வெட்டினார், சரி. அதில் உலக்கை போட்டு அந்தக் குழியை உண்டாக்கியது யார்? குழி இல்லாவிட்டால் அது உரலா, முக்காலியா? அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் போய் இடித்துக்கொண்டு வருகிறேன், அவர்கள் உரலில் வெங்காய வாசனை.

நீ கூமாசியில் அவள் வீட்டில் தங்கிப் படித்தாய், அவள் சோறு போட்டாள், அது உண்மை. உனக்குக் காய்ச்சல் வந்தபோது, மீசை முளைக்கிற பிள்ளையை, கொட்டுகிற மழையில் முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், அதுவும் உண்மை. என் ஞாபகத்துக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். ஆனால் எனக்கு எப்போது சொல்லி அனுப்பினாள்? நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகு. பெற்றவள் பதறிவிடுவாள் என்றாளாம். பதறுவதற்கு எனக்கு உரிமை இல்லையா? அந்தக் காய்ச்சலுக்கு நான் பட வேண்டிய கவலையையும் அவளே பட்டுத் தீர்த்துவிட்டாள். உரலைக் கூட மன்னிக்கலாம்.

இப்படிப்பட்டவளின் பெயரை வைத்தால் என்ன ஆகும்? யாருடைய பெயரோ அவருடைய குணம். எதிர்வீட்டுப் பையனுக்குக் குறட்டை விடும் பெரிய மாமாவின் பெயரை வைத்தார்கள். தொட்டிலிலேயே ஆரம்பித்துவிட்டான், தெருவில் ஆடு மிரளுகிறது. நாளைக்கு என் பேத்தி என் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

நான் சொல்வதை நீ நம்ப மாட்டாய், கிழவி பேச்சு என்பாய். அதனால்தான் இப்போது கம்ப்யூட்டரே சொன்ன சாட்சியை எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

அஃபியா சுன்யானியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் அல்லவா, விடுமுறைக்கு வந்தவள் துணிகளைச் சுருட்டி எறிந்துவிட்டு லேப்டாப்பைத்தான் பச்சைப் பிள்ளையைப் போலச் சுற்றிக் கொண்டுவந்தாள். அவளுடைய வாத்தியார் ஒரு தினுசான ஆள் போலிருக்கிறது. படித்தது புரிந்ததா என்று தெரிய வேண்டுமானால், ஒன்றுமே தெரியாத ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் என்றாராம். இத்தனை பெரிய டெச்சிமானில், இத்தனை சந்தைக் கூட்டத்தில், ஒன்றுமே தெரியாத ஒருவரைத் தேடிக்கொண்டு அவள் நேராக என் அடுப்படிக்கு வந்தாள். இதையும் நான் மனதில் வைத்திருக்கிறேன்.

முதலில் வகுப்பு என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், என்னை நிறுத்திவிட்டு மாமா என் தம்பியை அனுப்பினார், அவன் படித்துக் கிழித்தது என்ன என்று ஊருக்கே தெரியும் என்று ஆரம்பித்தேன். "அந்த வகுப்பு இல்ல பாட்டி" என்றாள். இது வேறாம். ஓர் ஆள் என்றால் அவனிடம் என்னென்ன இருக்கும் என்று எழுதிவைப்பதாம். ஒரு பெயர் இருக்கும், ஒரு கிழமை இருக்கும், ஓர் ஊர் இருக்கும். அங்கே ஆள் யாரும் கிடையாது, ஆள் இப்படி இருப்பான் என்கிற பேச்சு மட்டும்தான். தையல்காரி காகிதத்தில் வெட்டி ஆணியில் மாட்டியிருக்கும் ரவிக்கை அளவு போல, அதை யாரும் உடுத்த முடியாது, ஆனால் அதைப் பார்த்து ஊருக்கே தைக்கலாம், அப்படித்தானே என்றேன். அப்படித்தான் என்றாள். அதற்கே வகுப்பு என்று பெயர், அதற்கு ஒரு லேப்டாப், அதற்கு ஒரு காலேஜ்.

அடுத்தது கன்ஸ்ட்ரக்டர். என் காதில் கான்ட்ராக்டர் என்று விழுந்தது. நம் பின்பக்கச் சுவரைக் கட்டிவிட்டுப் போனானே, மூன்று மழையில் சுவர் தெருவைப் பார்த்துக் கும்பிடு போட ஆரம்பித்ததே, அவனைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் சொல்லத் தொடங்கினேன். மரவள்ளிக்கிழங்கு வெந்து இறக்கும் வரைக்கும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பாட்டி, இது சுவர் கட்டுறவன் இல்ல. ஒரு ஆள் உண்டாகுற அந்த நொடியில தானா நடக்குற வேலை. பேரு, கெழமை, ஊரு எல்லாத்தையும் அப்பவே உள்ள வச்சு அனுப்பும்" என்றாள்.

"பேர் வைக்கிற சடங்குன்னு சொல்லேண்டி. இதுக்கு எதுக்கு அவன் பேச்சு."

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சடங்கு எப்படி நடக்கும், ஒன்று விடாமல் சொல் என்று உட்கார்ந்துவிட்டாள். விடியலில் குழந்தையை வெளியே கொண்டுவருவதையும், பெரியவர் மடியில் வைத்து விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல் என்பதையும், மதுவைத் தொட்டு வைத்து, மது என்றால் மது என்று சொல் என்பதையும் சொன்னேன். தண்ணீரையும் மதுவையும் கம்ப்யூட்டருக்குள் வைக்க முடியாது என்று விட்டுவிட்டாள். மற்றதை எல்லாம் தட்டினாள். கிழமையைச் சொன்னால் கிழமைப் பெயர் தானாக வரும், ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. அப்பன் வைக்கும் பெயரை மட்டும் சடங்கு நின்று கேட்கும், நாம் தட்ட வேண்டும்.

ஆளை உண்டாக்குவதற்கு, புதிது என்று முதலில் எழுத வேண்டுமாம். முதல் ஆளாக உன் அப்பாவை உண்டாக்கப் போனாள். நான் கையைப் பிடித்துவிட்டேன். "அவரைப் புதுசா ஆக்காதடி, பழையவரை வழிக்குக் கொண்டுவரவே எனக்கு அரை ஆயுசு ஆச்சு" என்றேன். சரி என்று என்னை உண்டாக்கினாள். சடங்கு ஒன்றும் நடக்கவில்லை. பெயரைக் கேட்கவே இல்லை. பளிச்சென்று பதில் மட்டும் வந்தது. பெயர் நல். கிழமை நல். ஊர் நல். உன்னை உண்டாக்கினாள், நீயும் நல். தன்னை உண்டாக்கினாள், அவளும் நல்.

யார் இந்த நல்? இந்தச் சந்தையைச் சுற்றி யார் வீட்டில் யார் பிறந்தார்கள், யாரைக் கட்டினார்கள், ஏன் பேச்சு நின்றது என்று அத்தனையும் எனக்குத் தெரியும். நல் என்று ஒருவன் கிடையாது. உன் மனைவி வீட்டுப் பக்கத்து ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். "அது ஆள் இல்ல பாட்டி, உள்ள ஒண்ணுமே வைக்கலைன்னு அர்த்தம்" என்று அஃபியா சொன்னாள், குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கடைசி வரியில் மனத்தாங்கல் என்று ஒன்றை அவளாகச் சேர்த்திருந்தாள், அதற்கு நேரே, இல்லை என்று வந்திருந்தது. எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று அது சொன்னபோதே இந்த லேப்டாப்புக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் நம் சேவல் லேப்டாப்பின் மேல் நடந்ததை நான் பார்த்தேன். அதை அஃபியாவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, எந்த எழுத்தை மிதித்ததோ, எங்கே கெடுத்ததோ என்று வரி வரியாகத் தேடினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சேவல் ஏற்கெனவே என் நல்ல செருப்பின் மேல் அசிங்கம் பண்ணிய சேவல், அதன் மேல் எனக்கு வேறு கணக்கும் இருந்தது. சேவல் மேல் தப்பே இல்லை என்று அஃபியா கண்டுபிடித்தபோது அது கடலைக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

தப்பு அவளுடையதுதான். சடங்கின் பெயருக்கு முன்னால் வாய்ட் என்று ஒரு சொல்லை எழுதியிருந்தாளாம். வாய்ட் என்றால் இந்த வேலை முடிந்து கையில் ஒன்றும் திருப்பிக் கொடுக்காது என்று அர்த்தமாம். பெயர் வைக்கிற சடங்கிடம் போய்த் திருப்பி என்ன தருவாய் என்கிற பேச்சையே எடுக்கக் கூடாதாம். எடுத்தால் அது சடங்காக இருக்காது, மற்ற எடுபிடி வேலைகளைப் போல ஒரு வேலையாகிவிடும், யாராவது கூப்பிட்டால்தான் வரும். இவள் கூப்பிடவில்லை. அதனால் வீட்டில் குழந்தை பிறந்துகொண்டே இருக்க, சடங்கு செய்ய வேண்டிய பெரியவர் வாசலில் நின்றுகொண்டு, வாருங்கள் என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

"உன்னை மாதிரிதான் பாட்டி. கூப்பிட்டாத்தான் வருவேன்னு நிக்குது."

நான் வாசலில் நிற்கவில்லை என்றும், முறையாக யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்றும், போனில் கூப்பிடுவதெல்லாம் கூப்பிடுவதாகாது என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். இதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வாய்ட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது கரண்ட் போய்விட்டது, லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லை. நானும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது நீயே யோசித்துப் பார். படித்தவர்கள் கண்டுபிடித்த கம்ப்யூட்டரே என்ன சொல்கிறது? பிறக்கிற நேரத்தில் உள்ளே என்ன வைத்து அனுப்புகிறோமோ அதுதான் ஆள். அப்படியிருக்க, உன் அத்தையின் பெயரை உள்ளே வைத்து அனுப்பலாமா? அதனால் என் முடிவு இதுதான். பெயரை உடனே வை, நல் பிடித்த பிள்ளையாக என் பேத்தி வளர வேண்டாம். ஆனால் அந்தப் பெயரை வைக்காதே. என் அம்மாவின் பெயர் செர்வா, அருமையான பெயர், வாய் அதிர்ந்து பேசாதவள். என் அக்காளின் பெயர் டோன்கோர், கொஞ்சம் கஞ்சம், ஆனால் நேர்மை. என் பெயரை வை என்று நான் சொல்லவில்லை. அச்சியா என்பது கேட்க நன்றாக இருக்கிறது என்று ஊரில் நாலு பேர் சொல்கிறார்கள், அதை உனக்குத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். இந்த மூன்றில் ஒன்று என்றால் நாளைக்கே வண்டி ஏறுகிறேன். இல்லையென்றால் என்னை எதிர்பார்க்காதே.

உன் வேலையில் உனக்குக் கை ஓங்கட்டும். கப்பலிலிருந்து இறக்கும் மூட்டை எதுவும் உன் மேல் விழாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். எஃபுவாவுக்குப் பால் நன்றாகச் சுரக்கட்டும், கடலைக் குழம்பு நிறையச் சாப்பிடச் சொல். அவள் அம்மாவுக்கும் என் வணக்கம், போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் என்னை விசாரிக்காததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்.

மாறாத அன்புடனும் மாறாத முடிவுடனும்,
உன் அம்மா,
யா அச்சியா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவரும் டக்கோராடி வேன் நிறையவில்லை என்று ட்ரைவர் இன்னும் கிளம்பவில்லை, அதனால் இதை எழுத நேரம் கிடைத்தது. காலையில் கரண்ட் வந்தது. அஃபியா வாய்ட்டை அழித்துவிட்டு ஓட்டினாள். இந்தத் தடவை சடங்கு ஒழுங்காக வந்து நின்று பெயரைக் கேட்டது. என்னை உண்டாக்கினாள். பெயர் அச்சியா, கிழமை வியாழன், யா, ஊர் டெச்சிமான், மனத்தாங்கல் உண்டு. பார்த்தாயா, சரியாகிவிட்டது என்றேன். உன்னை உண்டாக்கினாள், மனத்தாங்கல் உண்டு. அவளை உண்டாக்கினாள், அவளுக்கும் உண்டு. உனக்கு என்னடி மனத்தாங்கல் என்று கேட்டேன். அது தனியாகக் கொடுக்க வேண்டியதில்லையாம். நம் வீட்டில் யார் உண்டானாலும் அது தானாகவே கூட வரும்படி சடங்குக்குள்ளேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாளாம், போன தடவை சடங்கு நடக்காததால்தான் இல்லை என்று வந்ததாம். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைத்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்போடு அவள் உன் மகளையும் உண்டாக்கினாள். சடங்கு பெயரைக் கேட்டது. தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவள் வெறும் விசையை அழுத்தினாள். பெயர் என்ற இடத்துக்கு நேரே வெள்ளையாக இருந்தது. கிழமை புதன், அக்குவா. ஊர் டக்கோராடி. மனத்தாங்கல் உண்டு.

"பால் குடிக்கிற பிள்ளை. அதுக்கு என்னடி மனத்தாங்கல் இருக்கு?"

"எனக்குத் தெரியல பாட்டி. உனக்குத்தான் தெரியும்."

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது, அதை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன், அந்தப் பெயரை இந்தப் பிள்ளைக்குத் தட்டினால் அந்தப் பொம்பளை உள்ளே வந்துவிடுவாளா என்று. வர மாட்டாள் என்றாள். தட்டிக் காட்டு என்றேன். அதே பெயரில் இரண்டு பேரை உண்டாக்கினாள், ஒன்று உன் அத்தை, ஒன்று உன் மகள். அத்தைக்கு அவள் குணத்தை எல்லாம் நான் சொல்லச் சொல்ல ஏற்றினாள், உரல், சூப்பு, வேன் எல்லாவற்றையும் ஏற்றினாள். பிறகு உன் மகளை மட்டும் காட்டச் சொன்னேன். அதே பெயர். உரல் இல்லை. சூப்பு இல்லை. மறுபடி ஓட்டச் சொன்னேன், எங்கேயாவது ஓட்டை வழியாக ஒழுகியிருக்கும் என்று பார்த்தேன். ஒழுகவில்லை.

"பேரு ஒண்ணா இருந்தா என்ன பாட்டி. அவங்க வேற, இவ வேற. அவங்களை நீ என்ன திட்டினாலும் இவளுக்கு ஒண்ணும் ஆகாது."

அப்படியென்றால் இவளுக்கு அந்த மனத்தாங்கல் எங்கிருந்து வந்தது? நாம்தான் வைத்து அனுப்புகிறோம். அந்த வரியை எடு என்றேன். நீயே எடு என்று விசையைக் காட்டினாள். நான் அழுத்தின அழுத்தில் சடங்கே பாதி போய்விட்டது, அவள் கத்தினாள், பிறகு வேறு ஏதோ இரண்டு விசையை அழுத்தி, போனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அப்படி ஒரு வசதி இருப்பது எனக்குத் தெரியாது, வீட்டில் கிடையாது. இரண்டாம் தடவை அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தேன். அந்த இடத்தில் மனத்தாங்கல் இல்லை என்று எழுது என்று சொன்னேன். எழுத வேண்டாம் என்றாள். நாமாக ஒன்றும் வைக்காவிட்டால் அது இல்லை என்றுதான் இருக்குமாம். பிள்ளை அப்படித்தான் வருமாம்.

ஆகையால் மேலே எழுதியதைப் படி, ஆனால் ஒன்றையும் செய்யாதே. காகிதத்தைக் கிழிக்க மனமில்லை, அதில் எழுதியது எதுவும் பொய்யும் இல்லை. உரல் விஷயத்தை நான் விடவில்லை. அது எனக்கும் அவளுக்கும் உள்ளது, மேலே போன பிறகு நாங்கள் நேரில் பேசித் தீர்த்துக்கொள்கிறோம், பிள்ளை நடுவில் வர வேண்டாம். சனிக்கிழமை வண்டியில் அஃபியாவோடு வருகிறேன். நீ கூப்பிட்டுத்தான் வந்தேன் என்று அங்கே எல்லோரிடமும் சொல்ல வேண்டும். பிள்ளையை என் மடியில் வை, வைத்துவிட்டுப் பெயரை நன்றாக உரக்கச் சொல், என் காதிலும் விழட்டும். காலையிலிருந்து நானும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதலில் தொண்டையில் முள் சிக்கியது போல வந்தது. வெங்காயம் தரம் பிரிக்கும்போது சொன்னேன், முற்றம் பெருக்கும்போது சொன்னேன். இப்போது ஒரு சின்னப் பிள்ளையின் பெயர் போலவே வருகிறது.

ட்ரைவர் ஹாரன் அடிக்கிறான். எஃபுவாவைக் கேட்டதாகச் சொல். என் பேத்தி ஃப்ரேமாவைக் கேட்டதாகச் சொல்.